"தூக்கம் வருதாப்பா?" என்று கேட்ட அக்காவுக்கும் மற்றவர்களுக்கும்

ராணிப்பேட்டைப் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில், கட்டிங் செக்சனில் ஒன்பது வருடமாக வேலை பார்க்கிறேன். போன ஆடி மாதம், தோலை அச்சு வைத்து அழுத்தி வெட்டும் கிளிக்கிங் மெஷினில் என் வலது கையின் இரண்டு விரல்கள் போயின. இரண்டு கையாலும் பட்டனை அழுத்தினால்தான் அந்த மெஷின் இறங்க வேண்டும். வேகத்துக்காக ஒரு பட்டனை அழுத்தியபடியே கட்டி வைத்திருந்தார்கள்.

கையில் துண்டைச் சுற்றி ஆட்டோவில் தூக்கிப்போட்டுக்கொண்டு ஓடிய அண்ணன்களுக்கு முதல் நன்றி. விபத்து அறிக்கை ஈஎஸ்ஐக்கு, அதாவது தொழிலாளர் காப்பீட்டு ஆபீசுக்குப் போகும்வரை ஆபீஸ் வாசலை விட்டு நகராத சங்கத் தோழருக்கு அடுத்தது. வேலைக்குப் போகாத நாட்களுக்கு சம்பளத்தில் 90 சதவீதம் ஈஎஸ்ஐயிலிருந்து வந்தது. வட்டிக்கு வாங்காமல் வீட்டு வாடகை கட்டினோம்.

காயம் இரண்டு மாதத்தில் ஆறிவிட்டது. ஆனால் வீட்டில் ஒரு தட்டு விழுந்தால் எனக்கு உடம்பெல்லாம் வியர்க்கும். கண்ணை மூடினால் அந்த மெஷின் இறங்கும். மகள் ஓடி வந்தால் கையை லுங்கி மடிப்பில் மறைத்துக்கொள்வேன். "விரல்தானே போச்சு, உயிர் இருக்கே" என்றார்கள் பார்க்க வந்தவர்கள். ஆறுதலுக்குத்தான் சொன்னார்கள். அதற்குமேல் நான் என்ன சொல்வது?

டிஸ்பென்சரியில் கட்டு மாற்றும் நர்ஸ் அக்கா, நீங்கள் ஒருவர்தான் கையைப் பார்த்துவிட்டு என் முகத்தையும் பார்த்தீர்கள். "தூக்கம் வருதாப்பா?" என்று கேட்டீர்கள். அங்கேயே அழுதுவிட்டேன். வெளியே வரிசை நின்றது, நீங்கள் என்னை அவசரப்படுத்தவில்லை. அடுக்கம்பாறை பெரிய ஆஸ்பத்திரியின் மனநலப் பிரிவுக்கு நீங்கள் சொல்லித்தான் போனேன்.

"அங்கேயா?" என்று முதலில் தயங்கிய நைனா, அப்புறம் ஒவ்வொரு முறையும் பஸ்ஸில் கூடவே வந்தார். நன்றி நைனா.

டாக்டரம்மா, இது கோழைத்தனம் இல்லை, விபத்து முடிந்தது மூளைக்கு இன்னும் தெரியவில்லை என்று எனக்குப் புரிகிற மாதிரி சொன்னீர்கள். மாத்திரையோடு விடவில்லை. முதலில் கம்பெனி கேட் வரை, அப்புறம் வெளியே நின்று மெஷின் சத்தம் கேட்பது, அப்புறம் உள்ளே என்று படிப்படியாக நடக்க வைத்தீர்கள். மேரி வர்கீஸ் டாக்டரின் கதையையும் சொன்னீர்கள். 1954இல் விபத்தில் கால்கள் செயலிழந்த பிறகு, சக்கர நாற்காலியில் உட்கார்ந்தே தொழுநோயாளிகளின் கைகளுக்கு ஆபரேஷன் செய்தவர். வேலூர் பாகாயத்தில் அவர் பெயரில் மறுவாழ்வு மையம் இருப்பது தெரியும், இந்தக் கதை தெரியாது. அன்று வீடு திரும்பும்வரை என் கையையே பார்த்துக்கொண்டு வந்தேன்.

ஒரு நாள் ராத்திரி இரண்டு மணிக்கு என் மனைவி பயந்துபோய், அரசாங்கத்தின் மனநல உதவி எண்ணான 14416க்குப் போன் போட்டாள். எடுத்தவர் தமிழில் நிதானமாகப் பேசினார். பெயர் கேட்கத் தோன்றவில்லை. நீங்கள் யாராக இருந்தாலும், அந்த ராத்திரியைக் கடக்க வைத்தீர்கள்.

இப்போது பேக்கிங் செக்சனில் இருக்கிறேன். கட்டிங்கில் அந்தப் பட்டன் கட்டை அவிழ்க்க வைத்த தோழர்கள், நான் திரும்பி வந்த அன்று என்னைக் கூட்டிப்போய்க் காட்டினார்கள். பத்து நிமிடம் அங்கே நின்றேன்.

நர்ஸ் அக்கா, செவ்வாய்க்கிழமை மகளைக் கூட்டிக்கொண்டு வருகிறேன். இந்தக் கையைப் பிடித்துக்கொண்டுதான் வருவாள்.