திராவிடம்: எந்த ஆண்டின் பொருளில்?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

'திராவிடம்' மொழியறிஞர் கால்டுவெல் கட்டிய சொல் என்று மேடையிலும் அச்சிலும் திரும்பத் திரும்ப வருகிறது. ஆனால் 1856-இல் வந்த தம் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்திலேயே அதை வடமொழி நூல்களிலிருந்து எடுத்ததாக அவர் சொல்லியிருக்கிறார். அவர் செய்தது, பெரும்பாலும் தமிழையும் தமிழ் நிலத்தையும் சுட்டிவந்த பெயரை ஒரு மொழிக் குடும்பம் முழுவதற்கும் விரித்தது.

அவர் சறுக்கிய இடம் வேறு. 'திராவிட' திரிந்து 'தமிழ்' ஆயிற்று என்றார். இன்று மொழியியலாளர் பலர் ஏற்பது இதற்கு நேரெதிர். வடமொழியிலும் பாலியிலும் ழகரம் இல்லை. ஆகவே தமிழ் பாலியில் 'தமிள' ஆனது. வடமொழியில் ளகரம் டகரமாகி, முதலெழுத்தில் ஒரு ரகரமும் ஒட்டி 'த்ரமிட' ஆனது. மகரம் வகரமாகி 'த்ரவிட' ஆனது. பழங்காலக் கலிங்க மன்னன் காரவேலனின் ஹாதிகும்பா கல்வெட்டில் உள்ள 'த்ரமிர' இந்த வரிசையில் நடுப்படி.

பொருள் மாறியதுதான் பெரிய வேடிக்கை. பழைய 'பஞ்ச திராவிடர்' பட்டியல் முழுக்கப் பிராமணர் பிரிவுகள். அதில் குஜராத்தும் மராட்டியமும் உண்டு. 1944-இல் சேலத்தில் பெயர் பெற்ற திராவிடர் கழகத்திலோ, 'திராவிடர்' என்றால் பிராமணர் அல்லாதார். இடையில் 1891-இல் அயோத்திதாசர் திராவிட மகாஜன சபை கண்டார். 1922-இல் சென்னை அரசு 'ஆதிதிராவிடர்' என்ற பெயரை ஏற்றது. இவ்விரண்டிலும் அது ஒடுக்கப்பட்டோர் தமக்கெனக் கேட்டுப் பெற்ற மரியாதைப் பெயர். 1949-இல் அண்ணா தொடங்கிய கட்சியின் பெயரில் 'ர்' உதிர்ந்தது. மக்களைச் சுட்டிய சொல் நிலத்தைச் சுட்டலாயிற்று. ஓரெழுத்துதானே என்று விட்டுவிட முடியாது.

ஆதிசங்கரர் பாடியதாகச் சொல்லப்படும் வடமொழித் துதியான சௌந்தரியலகரியின் 'திராவிட சிசு'வை அரசியல் சான்றாகக் காட்டுவோர் தடுக்கி விழுவது இங்கேதான். அங்கே அது தமிழ்க் குழந்தை, அவ்வளவே. 1911-இல் தாகூர் எழுதிய 'ஜன கண மன'வில் வரும் 'திராவிட' பஞ்சாப், வங்கம் போல ஒரு நிலப்பகுதி. அதில் இனவாதம் தேடுவதும் அதே பிழை.

செய்தியாளர்கள் 'திராவிட' என்று மொட்டையாக எழுதாமல் மொழியா, நிலமா, மக்களா, கட்சியா என்று ஒரு சொல் சேர்த்து எழுதினால் போதும். பலூசிஸ்தானில் பேசப்படும் பிராகூயி திராவிட மொழிதான். அதைப் பேசுவோரை 1944-இன் 'திராவிடர்' கணக்கில் யாரும் சேர்த்ததில்லை.

இப்படிக்கு,
ஒரு வாசகர்