ஸாலிப்பியேவுக்கு ஒரு முறை போய் வா

அன்புள்ள கயல்விழிக்கு,

இங்கு அனைவரும் நலம். அப்பாவுக்கு முழங்கால் வலி இப்போது குறைந்திருக்கிறது.

நேற்று போனில், போலந்தில் வீட்டுச் சுவரெல்லாம் பூக்கள் வரைந்திருக்கும் ஸாலிப்பியே கிராமத்தைப் பற்றிப் பேச்சு வந்தபோது, "அது சுற்றுலாக்காரர்களுக்காக வண்ணம் அடித்து வைத்த ஊர்தானே அம்மா" என்றாய். வீட்டில் விருந்தாளிகள் இருந்ததால் அப்போது பதில் சொல்லவில்லை. ஆனால் மனம் ஆறவில்லை. நான் அங்கு வந்திருந்தபோது உனக்கு விடுப்புக் கிடைக்காமல், உன் அறைத்தோழிதான் காரில் அழைத்துப் போனாள். நீ கிராகோவிலேயே இருந்துகொண்டு, இரண்டு மணி நேரத்துக்குள் போய்விடக்கூடிய ஊரைப் பார்க்காமலேயே தீர்ப்புச் சொல்கிறாயே என்று எனக்கு வருத்தம்.

முதலில் அந்த மண்ணைப் பார். டார்னூவ் நகரத்திலிருந்து வடக்கே போகப் போக மேடு பள்ளம் இல்லாமல் தரை விரிந்துகொண்டே போகும். தெற்கே டாட்ரா மலையில் பிறக்கும் டுனாயெட்ஸ் ஆறு இந்தப் பக்கமாக ஓடிவந்துதான் விஸ்துலாவில் கலக்கிறது. இரண்டு ஆறுகளுக்கும் நடுவில் கிடக்கும் சமவெளி அது. வண்டல் உண்டு, வெள்ளமும் உண்டு. 1934 ஜூலையில் டுனாயெட்ஸ் பெருக்கெடுத்து வந்த வெள்ளம் பெரும் நாசம் செய்தது. அதன் பிறகுதான் மேலே ரோஷ்னூவ் என்ற இடத்தில் அணை கட்டத் தொடங்கினார்கள்.

அந்தச் சமவெளி நீண்ட காலம் ஒரு நாட்டின் கடைக்கோடியாகவும் இருந்தது. 1772-இல் போலந்தைப் பங்கு போட்டபோது இந்தப் பகுதி ஆஸ்திரியாவின் கையில் போய்க் கலீசியா என்று பெயர் பெற்றது. 1815-க்குப் பிறகு முதல் உலகப் போர் வரை, ஊருக்குச் சற்று வடக்கே ஓடும் விஸ்துலாதான் எல்லை. அக்கரை ரஷ்யப் பேரரசு. பண்ணையடிமை முறை ஒழிந்தது 1848-இல்தான். அதன் பிறகும் நிலம் துண்டு துண்டாகப் பிரிந்து, பிழைப்புத் தேடி அமெரிக்காவுக்குக் கப்பலேறியவர்கள் ஏராளம். ஆஸ்திரியப் பேரரசிலேயே மிக ஏழ்மையான மாகாணங்களில் ஒன்று கலீசியா. இதை மனத்தில் வைத்துக்கொண்டுதான் அந்தப் பூக்களைப் பார்க்க வேண்டும்.

ஏனென்றால் அந்தப் பூக்கள் புகையிலிருந்து வந்தவை. அந்தக் காலத்து வீடுகளில் புகைபோக்கி கிடையாது. அடுப்புப் புகை கூரை வழியாகவும் கதவு வழியாகவும் தானாக வெளியேறினால்தான் உண்டு. சுவரெல்லாம் கன்னங்கரேலென்று கரி படிந்திருக்கும். பெண்கள் சுண்ணாம்பைக் கரைத்து, அந்தக் கறுப்பின் மேல் வெள்ளைத் திட்டுகளாக அப்பினார்கள். அவ்வளவுதான் ஆரம்பம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் புகைபோக்கி வைத்த அடுப்புகள் வந்ததும் சுவர் வெள்ளையாகவே நிலைக்கத் தொடங்கியது. வெள்ளைச் சுவர் கிடைத்த பிறகு கை சும்மா இருக்குமா? திட்டு புள்ளியானது, புள்ளி இதழானது, இதழ் பூங்கொத்தானது. நாம் பொங்கலுக்கு வெள்ளையடிப்பது போல அவர்கள் கார்ப்பஸ் கிறிஸ்டி என்ற கத்தோலிக்கத் திருநாளுக்கு முன் சுவர்களைப் புதுப்பித்தார்கள்.

கடையில் வாங்கிய சாயம் ஒன்றும் முதலில் இல்லை, கயல். சுண்ணாம்பு வெள்ளை, அடுப்புக்கரியின் கறுப்பு, மண்ணின் மஞ்சளும் பழுப்பும். வண்ணம் சுவரில் பிடிக்கப் பால், முட்டை. தூரிகைக்கு நுனியை நைத்த குச்சி, மாட்டு வால்மயிர். பொடிச்சாயங்கள் பின்னால்தான் வந்தன. இதில் எதைச் சுற்றுலாக்காரனுக்காகச் செய்தார்கள்? அந்த வழியாக அப்போது யார் சுற்றுலா போனார்கள்?

ஃபெலிட்சியா ட்சுரிவோவா என்ற அம்மையாரின் வீட்டில் நான் அதிக நேரம் நின்றேன். 1904-இல் பிறந்து அதே ஊரில் வாழ்ந்த விவசாயக் குடும்பத்துப் பெண். 1974-இல் அவர் மறைந்த பிறகு அந்த வீடு அருங்காட்சியகமாகிவிட்டது. அடுப்பின் பக்கச்சுவரில் ஒரு பூங்கொத்து இருக்கிறது; அதைக் கிட்டப் போய்ப் பார். ஒவ்வொரு இதழும் ஒரே இழுப்பு. தூரிகையை அழுத்தி வைத்த இடத்தில் வண்ணம் தடித்து, இழுத்து எடுத்த இடத்தில் மெலிந்து முடிகிறது. அளவுகோல் இல்லை, வரைந்து வைத்த கோடு இல்லை. கூரையிலிருந்து காகிதப் பூத்தொங்கல் ஒன்று தொங்குகிறது. இத்தனை வருடம் பள்ளிக்கூடத்தில் ஓவியம் சொல்லிக்கொடுத்த எனக்கு அந்த ஒரு சுவர் எத்தனையோ சொல்லிக்கொடுத்தது.

உன் பேச்சில் பாதி உண்மை இருப்பதையும் ஒப்புக்கொள்கிறேன். 1948-இல், அழகாக வண்ணம் தீட்டிய வீடுகளைத் தேர்ந்தெடுக்கும் வண்ணக்குடில் போட்டியைத் தொடங்கியிருக்காவிட்டால் இந்தக் கலை அழிந்திருக்கலாம். போரில் நொடிந்த கிராமத்துக்கு அது ஊக்கம் தந்தது. வெளியுலகத்தின் கண்ணும் ஊரின் மேல் விழுந்தது. கிணறு, நாய்க்கூண்டு, களஞ்சியம் என்று பூக்கள் வீட்டைத் தாண்டிப் பரவியிருக்கின்றன. தேவாலயத்துக்குள்ளும் அதே பூக்கள்தான். பார்க்க ஆள் வருகிறார்கள் என்பதற்காக ஒரு கலை பொய்யாகிவிடாது. 1978-இல் திறந்த ஓவியப் பெண்கள் இல்லத்தில் ஊர்ப் பெண்கள் இன்றும் கூடி வரைகிறார்கள். பாட்டியிடம் பார்த்துப் பேத்தி கற்றது இன்னும் விட்டுப்போகவில்லை.

இன்னொன்று. போகும் வழியில் டொம்ப்ரோவா டார்னோவ்ஸ்காவில் கட்டாயம் இறங்கு. அங்கு பத்தொன்பதாம் நூற்றாண்டின் பெரிய யூதத் தொழுகைக்கூடம் ஒன்று இருக்கிறது. பல காலம் பாழடைந்து கிடந்ததைப் புதுப்பித்து 2012-இல் திறந்தார்கள். தொழ வந்தவர்களில் பெரும்பாலோர் 1942-இல் நாஜிகளின் பெல்செக் கொலைமுகாமுக்கு அனுப்பப்பட்டார்கள். பிடிபடாமல் சுற்றுவட்டாரக் கிராமங்களில் ஒளிந்திருந்தவர்களில் பலரையும் தேடிப் பிடித்துக் கொன்றார்கள். காட்டிக்கொடுத்தவர்களில் அக்கம்பக்கத்தாரும் இருந்தார்கள். பூக்களை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பினால் அந்தப் பகுதியைப் பார்த்ததாக ஆகாது.

கார்ப்பஸ் கிறிஸ்டி வியாழக்கிழமை வரும். ஈஸ்டருக்குப் பிறகு அறுபதாம் நாள். அதை ஒட்டிய வார இறுதியில்தான் போட்டி, சுவர்களும் அப்போது புதிதாக இருக்கும். இப்போதே விடுப்புக்குச் சொல்லி வைத்துவிடு. எனக்குப் போலிஷ் தெரியாததால் கேட்க முடியாமல் போன ஒரு கேள்வி இருக்கிறது: வெளிச்சுவரில் மழைக்குக் கரையாமலிருக்க இப்போது வண்ணத்தோடு எதைக் கலக்கிறார்கள்? உனக்குத்தான் அந்த மொழி வருமே. வரைகிற பெண்களிடம் நேரில் கேட்டு, அளவோடு எழுதி அனுப்பு. நம் கொல்லைச் சுவரில் முயன்று பார்க்கப் போகிறேன்.

அன்புடன்,
அம்மா