இரண்டு பட்டியலில் ஒரு பெயர்

மேல்புறம்,
17.11.2025

அன்புள்ள மக்களே,

நேற்று ராத்திரி போனில் பேசி முடிக்கும்போது நம் இரண்டு பேர் குரலும் உயர்ந்துவிட்டது. "அப்பா, நீங்க ஒரே பக்கத்து டிவியைப் பார்த்துட்டுப் பேசுறீங்க" என்று சொன்னாய். நான் பதில் சொல்லாமல் போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டேன். அது சரியில்லை. கோபத்தில் சொன்னால் கோணலாக வரும் என்று தோன்றியதால் அப்போது பேசவில்லை. இன்று கார்த்திகை ஒன்று. விடியுமுன் குளித்து, கோயிலுக்குப் போய்விட்டு வந்து எழுத உட்கார்ந்திருக்கிறேன். வெளியே மழை விட்டபாடில்லை. ரப்பர் மரங்களில் ஒரு வாரமாகப் பால்வெட்டு நடக்கவில்லை.

முதலில் அந்த வாக்காளர் பட்டியல் படிவத்தைப் பற்றிச் சொல்கிறேன், ஏனென்றால் சண்டை அதில்தான் ஆரம்பித்தது. போன வியாழக்கிழமை பி.எல்.ஓ., அதாவது வாக்குச்சாவடி நிலை அலுவலர், வந்தார். நம் அங்கன்வாடியில் வேலை பார்க்கும் அந்தப் பிள்ளைதான். பிளாஸ்டிக் கவருக்குள் படிவங்களைச் சுற்றி, குடையை மடக்கித் திண்ணையில் வைத்துவிட்டு, நனைந்த கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தார். நம் வீட்டுக்கு நான்கு படிவம். எனக்கு, அம்மாவுக்கு, உனக்கு. நான்காவது பாட்டிக்கு.

பாட்டி இறந்து ஆறு வருஷம் ஆகிறது. படிவத்தில் அவள் படம், அவள் பெயர், அடையாள அட்டை எண், கியூஆர் கோடு எல்லாம் அச்சாகியிருந்தது. அம்மா அதை வாங்கி வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பிள்ளையும் அவசரப்படுத்தவில்லை. அப்புறம் அம்மாவே சொன்னாள், "இறந்துபோனாங்கன்னு எழுதிக்கோ." அவர் எழுதிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போனார்.

நீ டிவியிலும் வீடியோவிலும் பார்க்கும் எஸ்.ஐ.ஆர்., அந்த வாக்காளர் பட்டியல் சிறப்புத் தீவிரத் திருத்தம், நம் வீட்டுத் திண்ணையில் இப்படித்தான் நடந்தது. "அந்த ஃபார்ம்ல கையெழுத்து போடாதீங்க, ஓட்டைப் பறிக்கத்தான் இதெல்லாம்" என்று நீ சொன்னபோது எனக்கு வலித்தது அதனால்தான். 2024 மக்களவைத் தேர்தலில் நான் ஓட்டுப் போடப் போனபோது பூத்தில் இருந்த பட்டியலில் பாட்டி பெயர் என் பெயருக்கு இரண்டு வரி மேலே இருந்தது. அன்றைக்கு அதை யாராவது பயன்படுத்தியிருந்தால் எனக்குத் தெரிந்திருக்காது.

முப்பத்தாறு வருஷம் நான் தபால்காரனாக இருந்தேன். எந்த வீட்டில் யார் இருக்கிறார்கள், யார் போய்விட்டார்கள் என்பது தாசில்தாருக்கு முன்னால் தபால்காரனுக்குத் தெரியும். செத்தவர் பெயருக்கு வரும் கடிதம், கட்டிக்கொடுத்த பெண்ணுக்குப் பிறந்த வீட்டு விலாசத்தில் வரும் கடிதம், வளைகுடாவுக்குப் போய் இருபது வருஷமானவருக்கு வரும் கடிதம் எல்லாம் என் பையில் இருந்தவை. களியக்காவிளைப் பக்கம் கேட்கவே வேண்டாம். வீடு இந்தப் பக்கம், மாமனார் வீடு கேரளத்துப் பாறசாலையில், ரேஷன் கார்டு ஒரு மாநிலத்தில், ஓட்டு இரண்டிலும் என்று இருந்தவர்களை எனக்குத் தெரியும். அவர்கள் யாரும் திருடர்கள் இல்லை. ஒரு இடத்தில் சேர்ந்துவிட்டு இன்னொரு இடத்தில் நீக்கச் சொல்ல மறந்தவர்கள், அவ்வளவுதான். இந்த முறை கேரளத்திலும் தமிழ்நாட்டிலும் ஒரே நேரத்தில் இந்த வேலை நடக்கிறது. எல்லையில் இருக்கிற நமக்கு இதைவிட நல்ல சந்தர்ப்பம் வராது என்று நான் நம்புகிறேன்.

ஆகஸ்டில் ராகுல் காந்தி பெங்களூரு மகாதேவபுரா தொகுதிப் பட்டியலைக் காட்டி, ஒரே ஆள் பல இடத்தில், இல்லாத விலாசத்தில் எல்லாம் ஓட்டு இருக்கிறது என்றார். நீயும் அந்த வீடியோவை எனக்கு அனுப்பினாய். நான் முழுசாகப் பார்த்தேன். பட்டியல் அழுகிக் கிடக்கிறது என்றால், வீடு வீடாகப் போய் அதைச் சரிசெய்யத்தானே வேண்டும்? பட்டியலும் தப்பு, பட்டியலைத் திருத்துவதும் சதி என்று ஒரே வாயில் சொல்ல முடியுமா? அந்தக் கேள்வியை ஒரு நெறியாளராவது திருப்பிக் கேட்பார் என்று பல ராத்திரி காத்திருந்து பார்த்தேன். நான் பார்த்த ஒரு விவாதத்திலும் யாரும் கேட்கவில்லை. திரையில் நான்கு கட்டம், நான்கு பேர், எல்லோரும் சேர்ந்து கத்துகிறார்கள். கீழே ஓடும் எழுத்தில் தீர்ப்பு ஏற்கெனவே எழுதப்பட்டிருக்கிறது.

நீ சொன்னதில் நியாயம் இருக்கிற இடத்தையும் சொல்கிறேன். மழைக்காலத்தில், ஒரு மாதத்துக்குள், அங்கன்வாடிப் பிள்ளைகளையும் பள்ளிக்கூட வாத்தியார்களையும் இப்படி ஓடவிடுவது எனக்கும் பிடிக்கவில்லை. பீகாரில் வரைவுப் பட்டியலில் விடுபட்ட 65 லட்சம் பெயரையும் காரணத்தோடு வெளியிடச் சொன்னதும், ஆதாரை ஏற்றுக்கொள்ளச் சொன்னதும் உச்ச நீதிமன்றம். தேர்தல் ஆணையம் அதைத் தானாகவே செய்திருக்க வேண்டும். இப்போது இங்குள்ள ஆளுங்கட்சியும் அதே நீதிமன்றத்துக்குப் போயிருக்கிறது. போகட்டும், அதற்குத்தான் நீதிமன்றம். தூத்தூர், வள்ளவிளைப் பக்கம் ஆழ்கடலுக்குப் போனவர்கள் திரும்ப ஒரு மாதத்துக்கு மேலும் ஆகும். அவர்கள் பெயர் விட்டுப்போகாமல் பார்க்க வேண்டும் என்று பி.எல்.ஓ.விடம் நானே சொன்னேன். கடற்கரைப் பக்கம் குடும்பத்தாரிடம் கையெழுத்து வாங்கிக்கொள்கிறார்களாம்.

அப்புறம், நான் ஒரே பக்கத்து டிவி பார்க்கிறேன் என்று சொன்னாயே, எனக்குப் பிடித்த கட்சிக்காக முழங்கும் சேனலையும் இந்த மாதம் நான் நிறுத்திவிட்டேன். எல்லை தாண்டி வந்த ஊடுருவல்காரர்கள் என்று அவர்கள் ராத்திரி பகலாகச் சொல்கிறார்கள். நம் பூத்தில் தப்பாக இருந்த பெயர் உன் பாட்டி பெயர். அவள் இரணியலில் பிறந்து மேல்புறத்தில் வாழ்ந்தவள்.

2017 நவம்பர் 30 உனக்கு ஞாபகம் இருக்கும். ஒக்கி புயல். நம் வீட்டு ஓடு பறந்தது, வாழையெல்லாம் சாய்ந்தது, பல நாள் கரண்ட் இல்லை. நீ அப்போது சென்னையில் இருந்தாய். கரண்ட் வந்ததும் டிவியைப் போட்டேன். ஆர்.கே.நகர் இடைத்தேர்தல். ஒரு நடிகரின் வேட்புமனு தள்ளுபடி ஆனது சரியா தவறா என்று மணிக்கணக்காக விவாதம். இங்கே சின்னத்துறையிலும் வள்ளவிளையிலும் பெண்கள் கடலைப் பார்த்தபடி கரையில் உட்கார்ந்திருந்தார்கள். குழித்துறை ரயில் நிலையத்தில் ஆயிரக்கணக்கான ஜனம் தண்டவாளத்தில் உட்கார்ந்த பிறகுதான் கேமராக்கள் நம் மாவட்டத்தின் பக்கம் உண்மையாகத் திரும்பின.

என்னோடு வேலை பார்த்தவர் ஒருவரின் ஊர் வள்ளவிளை. அவர் மச்சினன் கடலில். நான் அவரைப் பார்க்கப் போனேன். அரசாங்கம் ஒரு எண்ணிக்கை சொல்லிக்கொண்டிருந்தது, சேனல்கள் வேறு வேறு எண்ணிக்கை சொல்லிக்கொண்டிருந்தன. சர்ச் வளாகத்தில் பங்குத்தந்தையும் ஊர்க்காரர்களும் உட்கார்ந்து ஒரு நோட்டில் எழுதிக்கொண்டிருந்தார்கள். ஆள் பெயர், அப்பா பெயர், எந்தப் படகு, எந்தத் தேதியில் போனது, வீட்டில் யார் யார். ஒவ்வொரு வீட்டுக்கும் போய்க் கேட்டு எழுதிய பட்டியல். பிறகு அரசாங்கம் தன் எண்ணிக்கையைத் திருத்த வேண்டிவந்ததற்கு அப்படி எழுதிய நோட்டுகள்தான் காரணம். நான் சிவன் கோயிலுக்குப் போகிறவன். ஆனால் அந்த நோட்டைப் பார்த்த அன்று, இந்த நாட்டைத் தாங்கிப் பிடிப்பது இது மாதிரி இடங்கள்தான் என்று நினைத்தேன். ஊர், கோயில், பங்கு, குடும்பம். இதையெல்லாம் பழசு, பிற்போக்கு என்று ஸ்டுடியோவில் உட்கார்ந்து பேசுகிறவர்கள் மேல் எனக்கு மரியாதை வராததற்கும் அதுதான் காரணம்.

இந்த செப்டம்பர் 27-ஆம் தேதி கரூரில் 41 பேர் நெரிசலில் செத்தார்களே, அன்று ராத்திரியும் டிவி முன்னால் உட்கார்ந்திருந்தேன். பிணங்களை அடையாளம் காட்டி முடிக்கவில்லை. அதற்குள் யார் மேல் பழி என்று பேச ஆரம்பித்துவிட்டார்கள். குழந்தையைத் தேடி ஆஸ்பத்திரி வாசலில் ஓடிய தாய் முகத்துக்கு முன்னால் மைக்கை நீட்டினார்கள். நான் அணைத்துவிட்டுப் படுத்தேன், தூக்கம் வரவில்லை.

2024-இல் பிரதமர் விவேகானந்தர் பாறையில் தியானம் செய்ய வந்தபோதும் இதே கதைதான். தேர்தல் நாடகம் என்று ஒரு பக்கம், அவதார புருஷர் என்று இன்னொரு பக்கம். அது குமரி அன்னை ஒற்றைக் காலில் தவம் நின்ற ஸ்ரீபாதப் பாறை என்று ஒருவர் சொல்லி நான் கேட்கவில்லை. அனுமதி கிடைக்காமல் கிடந்த விவேகானந்தர் நினைவு மண்டபத்துக்காக, அந்தப் பணியை முன்னின்று நடத்திய ஏக்நாத் ரானடே டெல்லியில் கட்சி வித்தியாசம் இல்லாமல் 323 எம்.பி.க்களிடம் கையெழுத்து வாங்கியதும், ஜனங்களிடம் ஒரு ரூபாய், இரண்டு ரூபாயாக வாங்கிக் கட்டி 1970-இல் திறந்ததும் யாருக்கும் செய்தியாகத் தெரியவில்லை.

டிவிக்காரர்களை அடக்கி வைக்க வேண்டும் என்று நான் நினைப்பதாக நீ சொன்னாய். இல்லை மக்களே. நெருக்கடி நிலையின்போது எனக்குப் பதினெட்டு வயது. பேப்பரில் எது வரவேண்டும் என்று சென்சார் அதிகாரி முடிவு பண்ணிய காலம் அது. நம் நாகர்கோவில் எம்.பி.யாக இருக்கும்போதே காமராசர் 1975 அக்டோபர் 2-ஆம் தேதி இறந்தார். அவருடைய கடைசி நாட்களைப் பற்றி, அவர் மனதில் என்ன இருந்தது என்பதைப் பற்றி, ஊரில் எல்லோரும் காதோடு காதாகப் பேசினார்கள். உன் தாத்தா பேப்பரை மடித்து வைத்துவிட்டு, "இதுல ஒண்ணும் இருக்காது" என்பார். அந்த நிலைமை திரும்ப வரக்கூடாது. கத்துகிறவர்கள் கத்தட்டும். நான் கேட்பதெல்லாம், தப்பாகச் சொன்னதை அதே சத்தத்தோடு திருத்திச் சொல்லட்டும் என்பதுதான்.

சரி, இப்போது உன் விஷயம்.

போன வருஷம் பேச்சுவாக்கில் நீ ஒன்று சொன்னாய். வேளச்சேரியில் வீடு வாங்கியபோது அங்கேயும் வாக்காளர் பட்டியலில் சேர்ந்துவிட்டதாக. இங்கே நீக்கச் சொல்லி மனு கொடுத்தாயா என்று அன்று நான் கேட்கவில்லை. இப்போது இங்கே உன் பெயரில் படிவம் வந்திருக்கிறது என்றால் நீ கொடுக்கவில்லை என்று அர்த்தம். வேளச்சேரியிலும் ஒரு படிவம் வந்திருக்கும். ஒரு ஆள் இரண்டு தொகுதியில் இருக்கக்கூடாது என்று 1950-ஆம் வருஷத்துச் சட்டத்திலேயே இருக்கிறது. இரண்டிலும் கையெழுத்துப் போட்டால் அது பொய் உறுதிமொழி.

குடும்பத்தில் ஒருவர் கையெழுத்துப் போடலாம் என்று பி.எல்.ஓ. சொன்னார். அம்மா பேனாவை எடுத்து என் கையில் தந்தாள். நீ இந்த வீட்டுப் பிள்ளை, உன் பெயர் இந்த வீட்டு எண்ணுக்குக் கீழே என் பெயருக்கு அடுத்து இருக்க வேண்டும் என்று அவள் ஆசைப்படுகிறாள். எனக்கும் ஆசை இல்லாமல் இல்லை. பதினெட்டு வயதில் உன்னைக் கூட்டிக்கொண்டுபோய் விளவங்கோட்டில் பெயர் சேர்த்தது நான்தான். அன்று நீ அட்டைக்குப் போட்டோ எடுக்க என் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்தாய். ஆனால் ஆறு வருஷமாக நீ குடியிருப்பது அங்கே, பேத்தி படிப்பது அங்கே, உன் தெருவில் தண்ணீர் தேங்கினால் கேட்க வேண்டிய எம்.எல்.ஏ.வும் அங்கே.

அதனால் நான் கையெழுத்துப் போடவில்லை. உன் படிவம் என் மேசை டிராயரில், பழைய மணியார்டர் நோட்டுக்கு மேலே இருக்கிறது. அந்தப் பிள்ளை திரும்ப ஞாயிற்றுக்கிழமை வருவதாகச் சொல்லியிருக்கிறார். அதற்குள் நீ அங்கே கொடுத்துவிட்டேன் என்று ஒரு வார்த்தை சொன்னால், இங்கே இடம்பெயர்ந்துவிட்டார் என்று எழுதித் திருப்பிக் கொடுத்துவிடுகிறேன். அம்மாவிடம் நான் பேசிக்கொள்கிறேன்.

ஏத்தங்காய் சிப்ஸ் வறுத்து வைத்திருக்கிறாள். மழை விட்டதும் பார்சல் போடுகிறேன்.

அன்புடன்,
அப்பா