மேகமலை வௌவாலும் அதன் பெயரும்

சின்னமனூர்

அன்புள்ள முருகேசனுக்கு,

கடிதம் கிடைத்தது. உன் மகளுக்குத் தேனிக்கே மாற்றல் கிடைத்ததில் வீட்டில் எல்லோருக்கும் மகிழ்ச்சி. எனக்குப் பழைய முழங்கால் வலிதான், வேறு குறையில்லை.

மேகமலை வௌவாலைப் பற்றிக் கேட்டிருந்தாய். 1948இல் அங்கே தோட்டத்துரையாக இருந்த ஆங்கஸ் ஹட்டன் பிடித்த வௌவால் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்குப் போனது. நம் ஊர்த் தோப்புகளில் திரிகிற குறுமூக்குப் பழந்தின்னி என்று எண்ணி அப்படியே சீட்டு எழுதி வைத்துவிட்டார்கள். இருபது ஆண்டுகளுக்கு மேல் அந்தச் சீட்டோடே கிடந்தது.

தாய்லாந்து அறிஞர் கிட்டி தோங்லோங்யா அதை எடுத்துப் பார்த்தார். குறுமூக்கு வகைக்கு மேல்தாடையிலும் கீழ்த்தாடையிலும் இரண்டிரண்டு இணை வெட்டுப்பற்கள் உண்டு. இதற்கு ஒவ்வோர் இணைதான். அந்த வகைக்கு உள்ள சிறு வாலும் இதற்கு இல்லை. புதிய சிற்றினம் என்றால் மட்டும் போதவில்லை, சிற்றினங்களை அடக்கும் பேரினமே புதிதாகத் தேவைப்பட்டது. 1972இல் கழகத்தின் இதழில் லாட்டிடென்ஸ் சலிமாலீ என்று பெயரிட்டார். முன்பாதிக்கு அகன்ற பல் என்று பொருள். பின்பாதி பறவை ஆராய்ச்சியாளர் சலீம் அலி. பறவை மனிதருக்கு வௌவால்! மலையில் பிடித்த ஹட்டனின் பெயரை வைத்திருக்க வேண்டும் என்பது என் கட்சி. நீ ஒப்பமாட்டாய் என்று தெரியும்.

1993இல் மேகமலையில் மறுபடி அகப்படும்வரை இந்தச் சிற்றினத்துக்கு உலகத்தில் இருந்த ஆதாரம் பம்பாயில் இருந்த அந்த ஒரு மாதிரிதான். பல் எண்ணிக்கையில் என்ன இருக்கிறது என்று உன் தம்பி கேட்பான். வனவிலங்குச் சட்டம் மற்றப் பழந்தின்னி வௌவால்களை நெடுங்காலம் எலி, காகங்களோடு சேர்த்துத் தொல்லை உயிர்களாக வைத்திருந்தது. அவற்றைக் கொன்றால் கேள்வியில்லை. இதற்கு மட்டும் புலி இருக்கும் முதல் அட்டவணையில் இடம். பழைய சீட்டே நிலைத்திருந்தால் இதுவும் எலியோடுதான் நின்றிருக்கும்.

கிட்டியின் கதையையும் கேள். 1973இல் மேற்குத் தாய்லாந்துக் குகைகளில் இரண்டு கிராம் அளவே எடையுள்ள வௌவாலைக் கண்டு, லண்டனில் இருந்த ஜான் ஹில்லுக்கு மாதிரிகள் அனுப்பினார். ஆய்வு வெளிவருமுன் 1974இல் இறந்துபோனார். ஹில் அதற்குப் பேரினத்துக்கும் மேலான பிரிவாகிய குடும்பத்தையே புதிதாக வகுத்து, கிரேசியோனிக்டெரிஸ் தோங்லோங்யாய் என்று பெயரிட்டார். கண்டவருக்கே பெயர். ஹில் என் கட்சிக்காரர், பார்த்துக்கொள்.

மறுப்பு இருந்தால் நேரில் வந்து சொல். மகள் வீட்டுக்கு வரும்போது இங்கே இரண்டு நாள் தங்கு. மேகமலை பஸ்ஸில் சேர்ந்தே போகலாம்.

அன்புடன்,
ராசு