நெளிவு எடுக்க வருகிறவர்களுக்கு ஒரு மடல்

அன்பான வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

"சின்ன நெளிவுதானே, புட்டி (குழியை நிரப்பும் பசை) வைத்து பெயின்ட் அடித்துக் கொடுங்களேன்" என்று வருகிறவர்களை இப்போதெல்லாம் கொஞ்சம் காக்க வைக்கிறோம். ஏன் என்று எழுதிவிடுவது நல்லது.

எங்களிடம் வருபவை பெரும்பாலும் விபத்தில் வந்த நெளிவுகள் அல்ல. பஸ்ஸுக்கு வழிவிட ஒதுங்கி மண்மேட்டில் இடித்தது, ஹட்டன் டவுனில் பக்கத்து வாகனத்தின் கதவு பட்டது, தோட்ட லயத்துப் பிள்ளைகளின் கிரிக்கெட் பந்து. போன மாதம் ஒரு ஆல்டோ காரின் கூரையில் பட்டர்புரூட் (அவகாடோ) விழுந்திருந்தது.

அந்த ஆல்டோவையே எடுத்துக்கொள்வோம். உள்ளங்கை அளவு குழி, பெயின்ட் வெடிக்கவில்லை. கூரையின் உள் துணியை இறக்கிவிட்டு மேலே டியூப் லைட்டைப் பிடித்தோம். பெயின்டில் தெரியும் விளக்கின் கோடு நேராக ஓட வேண்டும். குழியில் அது வளைந்து நிற்கும். கம்பியை உள்ளே விட்டு, குழியின் ஓரத்திலிருந்து நடுவை நோக்கிச் சிறிது சிறிதாக நெம்பினோம். தகட்டின் தடிப்பே முக்கால் மில்லிமீற்றர் அளவுதான். அவசரப்பட்டு நடுவில் அழுத்தினால் பரு மாதிரி புடைத்துவிடும், அதைத் தட்டி அடக்குவது இன்னொரு வேலை. மூன்று மணி நேரத்தில் கோடு நேரானது. பெயின்ட் ஒரு துளி செலவில்லை.

கம்பெனி பெயின்டைக் காப்பாற்றினால் லாபம் உங்களுக்குத்தான். இலங்கையில் 2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திரும்பத் திறந்தது. அதுவரை பழைய வாகனம் வாங்க வந்தவர்கள் முதலில் தட்டிப் பார்த்தது புட்டி இருக்கிறதா என்றுதான். அப்புறம் நம்மூர் மழை. புட்டி ஈரம் குடிக்கும். சரியாகக் காயாமல் மேலே பெயின்ட் அடித்தால் கொப்புளம் வரும், அடியில் துரு பிடிக்கும்.

எல்லா நெளிவும் இப்படி எடுபடாது. பெயின்ட் வெடித்திருந்தாலோ, கதவின் விளிம்பு மடிந்திருந்தாலோ தட்டி, புட்டி வைத்து, பெயின்ட் அடிக்கும் டிங்கரிங்தான். முன்பே பெயின்ட் அடித்த இடமென்றால் மறைக்காமல் சொல்லுங்கள். கம்பி நுழையாத இடத்தில் பசை ஒட்டி வெளியே இழுப்போம். பிற்பாடு அடித்த பெயின்ட் பசையோடு உரிந்து வந்துவிடலாம்.

காலை ஏழு மணிக்கு விட்ட வாகனத்தைப் பத்து மணி வரை தொடவில்லையென்று ஒருவர் கோபித்துக்கொண்டார். நுவரெலியாவிலிருந்து விடியற்காலையில் வந்த வாகனம், தகடு ஐஸ் மாதிரி இருந்தது. குளிர்ந்த பெயின்ட் வளையாது, வெடிக்கும். சூடு ஏறிய பிறகுதான் கை வைப்போம்.

பிளாஸ்டிக் பம்பர் ஒடுங்கினால் சுடுதண்ணீர் ஊற்றி உள்ளிருந்து தள்ளிப் பாருங்கள், பல நேரம் சரியாகிவிடும். அதற்கு எங்களுக்குப் பணம் தர வேண்டாம். தகட்டை மட்டும் சுத்தியலால் தட்டிவிட்டுக் கொண்டு வராதீர்கள். அடிபட்டு நீண்ட தகடு பழையபடி உட்காராது.

வாகனத்தைப் பார்த்த பிறகுதான் விலை சொல்ல முடியும், போனில் கேட்காதீர்கள். வரும்போது வாகனத்தைக் கழுவிக் கொண்டு வந்தால் புண்ணியம். சேற்றுக்கு அடியில் நெளிவு தெரிவதில்லை.

இப்படிக்கு,
உங்கள் கொட்டகலை கராஜ்காரர்கள்