விண்கலத்தில் இரவு டியூட்டி யாருக்கு?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

அறிவியல் புனைவுப் படம் எடுப்பவர் படைப்பணியில் இருந்துவிட்டு வந்தால் படத்தில் வீரமும் தேசப்பற்றும் தூக்கலாக இருக்கும் என்று உங்கள் சினிமா பக்கத்தில் ஒரு கருத்து வந்திருந்தது. எங்களுக்கு அதில் உடன்பாடில்லை. வீரம் காட்டுவதற்கு ஒரு நல்ல சண்டைப் பயிற்சியாளர் போதும். படையிலிருந்து சினிமாவுக்கு வரக்கூடியது வேறு சரக்கு: இப்போது யார் முழித்திருக்கிறார்கள், இந்தப் பொருள் எவ்வளவு கனம், இந்த நட்டைக் கடைசியாக முடுக்கியது யார் என்ற கணக்கு. அடிபட்டவர்களை எங்கே படுக்க வைப்பது என்ற கவலையும் அதில் சேர்த்தி.

ஜப்பானிய இயக்குநர் இஷிரோ ஹோண்டாவையே எடுத்துக்கொள்ளுங்கள். ஜப்பான் ராணுவம் அவரைக் கட்டாயமாக எடுத்துச் சீனாவுக்கு மூன்று முறை அனுப்பியது. கடைசியில் போர்க் கைதியாகி 1946-ல்தான் ஊர் திரும்பினார். வரும் வழியில் ஹிரோஷிமாவின் நிலையைக் கண்ணால் பார்த்தார். 1954-ல் அவர் இயக்கிய ‘காட்ஜில்லா’வில் ராட்சத மிருகம் வருகிற காட்சிகளைவிட, அது போன பிறகு வரும் ஆஸ்பத்திரிக் காட்சிதான் மனதை அறுக்கும். தரையெல்லாம் காயம்பட்டவர்கள். ஒரு குழந்தையின் மேல் கதிர்வீச்சு அளக்கும் கருவியைப் பிடிக்கிறார்கள், அது சத்தம் போடுகிறது. இப்படி ஒரு காட்சி, பீரங்கிக்குப் பின்னால் நின்று பழகியவருக்குத் தோன்றுவதைவிட ஸ்டிரெச்சர் பக்கத்தில் நின்றவருக்குத்தான் சீக்கிரம் தோன்றும்.

படம் ஒரு கப்பல் கடலில் அழிவதோடு தொடங்கும். அதே 1954 மார்ச் 1-ம் தேதி பிகினி தீவில் அமெரிக்கா வெடித்த ஹைட்ரஜன் குண்டின் சாம்பல் ஒரு ஜப்பானிய மீன்பிடி படகின் மேல் கொட்டியது. படகில் இருந்த 23 பேரும் கதிர்வீச்சில் பாதிக்கப்பட்டார்கள். காசிமேட்டில் போட் கரை திரும்பும் வரை காத்திருக்கும் வீடுகளுக்கு அந்த முதல் காட்சியை யாரும் விளக்க வேண்டியதில்லை. கடலிலிருந்து இருட்டில் ஒன்று வந்து அடித்துவிட்டுப் போவது நம் கரைக்கும் தெரிந்த கதைதான். 1914 செப்டம்பர் 22 இரவு சென்னைத் துறைமுகத்துப் பக்கம் எண்ணெய் டாங்குகளைக் கொளுத்திவிட்டுப் போன ஜெர்மன் போர்க்கப்பல் ‘எம்டன்’, ‘அவன் ஒரு எம்டன்டா’ என்று இன்றும் பேச்சில் உலவுகிறதே!

டச்சு இயக்குநர் பால் வெர்ஹோவன் எதிர்த் திசையில் போனவர். லைடனில் கணிதமும் இயற்பியலும் படித்தவர், நெதர்லாந்து கப்பற்படையில் இருந்தபோது அதன் மரைன் பிரிவைப் பற்றி 1965-ல் ஓர் ஆவணப்படம் எடுத்தார். படையை எப்படிப் படம் பிடித்தால் பார்ப்பவனுக்குச் சேர ஆசை வரும் என்பது அவருக்கு அத்துப்படி. 1997-ல் ‘ஸ்டார்ஷிப் ட்ரூப்பர்ஸ்’ என்ற விண்வெளிப் போர்ப் படம் எடுத்தபோது அந்த வித்தையையே கேலிப்பொருளாக்கினார். படத்தின் நடுநடுவே வரும் ஆள்சேர்ப்பு விளம்பரங்கள் அவ்வளவு கச்சிதமாக இருப்பதால், பலர் கேலி என்றே புரிந்துகொள்ளவில்லை. படைப்பணி ஒருவரை ஒரே மாதிரி படம் எடுக்க வைக்கும் என்பவர்கள் இந்த இரண்டையும் அடுத்தடுத்துப் பார்க்கலாம்.

இனி நம் செட்டுக்கு வருவோம். நம் ராணுவத்தின் இன்சாஸ் துப்பாக்கி, மேகசின் (தோட்டாப் பெட்டி) போடாமலே 4 கிலோவைத் தொடும். ஃபைபரில் வார்த்துத் தரும் லேசர் துப்பாக்கி ஒன்றேகால் கிலோ இருந்தால் அதிகம். நடிகர் அதைக் கரண்டி மாதிரி ஒற்றைக் கையில் சுழற்றுவார். திரும்பும்போது முனை உடம்புக்கு முன்னாலேயே திரும்பிவிடும். கனமான பொருள் அப்படித் திரும்பாது, உடம்பு போன பிறகுதான் அது பின்னால் வரும். கட்டடத்துக்குப் போடும் 12 மில்லி கம்பி மீட்டருக்கு 0.89 கிலோ. அதில் 35 செ.மீ. துண்டாக 8 வெட்டி மேகசின் பக்கம் அடுக்கினால் இரண்டரை கிலோ ஏறும். முனைப் பக்கம் வைத்தால் முனை தொங்கி, மதியத்துக்குள் நடிகருக்கு மணிக்கட்டு போய்விடும். எம்-சீல் வைத்து இறுக்காவிட்டால் ஓடும்போது கடகடவென்று சத்தம் வரும். விழுகிற, அடிக்கிற ஷாட்டுக்கு மட்டும் கம்பி இல்லாத ரப்பர் துப்பாக்கிதான். அதில் சமரசமே கூடாது.

ஹெல்மெட் இன்னொரு தலைவலி. முகம் தெரிய வேண்டும் என்று உள்ளே விளக்கு வைக்கிறார்கள். ராத்திரி பஸ்ஸுக்குள் எரியும் முன்பக்க விளக்கை டிரைவர் ஏன் அணைக்கச் சொல்கிறார் என்று யோசித்தால் தவறு புரியும்: உள்ளே வெளிச்சம் இருந்தால் கண்ணாடியில் தன் முகம்தான் தெரியும். இருட்டுக்குக் கண் முழுதாகப் பழக 20 முதல் 30 நிமிடம் ஆகும், ஒரு நொடி வெள்ளை வெளிச்சம் பட்டால் அத்தனையும் வீண். அதனால்தான் இரவில் கப்பலை ஓட்டும் அறையான பிரிட்ஜில் மங்கிய சிவப்பு விளக்கு. நம் விண்கலங்களில் எப்போதும் கல்யாண மண்டபம் மாதிரி நீல விளக்கு எரிகிறது. மூடிய ஹெல்மெட்டில் கம்ப்யூட்டர் விசிறி இரண்டு, 40 மில்லி, 12 வோல்ட், ஒன்று காற்றை உள்ளே தள்ள, மற்றது வெளியே இழுக்க. பாத்திரம் கழுவும் சோப்பு ஒரு சொட்டைத் தடவித் துடைத்தால் ஆவி படியாது. விசிறி சத்தம் டப்பிங்கில் போய்விடும். விசிறி இல்லாமல் மாட்டிவிட்டு வசனம் சொல்லிக்கொடுக்கிறவர்கள், மூச்சில் வெளிவரும் கரியமில வாயு உள்ளேயே சேர்ந்து நடிகருக்குத் தலை சுற்றும் என்பதை மறக்கக் கூடாது.

நட்டைப் பற்றிச் சொன்னோம். விமானத்தில் முடுக்கிய நட்டின் மேல் தொடங்கி அடித்தகடு வரை ஒரு சின்ன வண்ணக் கோடு இழுப்பார்கள். நட்டு தளர்ந்தால் கோடு உடைந்து தெரியும். எம்.சி. ரோட்டில் ஒரு சிவப்பு நெயில் பாலிஷ் வாங்கினால் முழுக் கலத்துக்கும் காணும். கோடு உடைந்திருப்பதை ஒரு குளோசப்பில் காட்டினாலே, பத்து நிமிட வசனம் தராத பயம் வந்துவிடும். கொருக்குப்பேட்டை ரயில் யார்டில் நிற்கும் வேகனைப் பாருங்கள்: வெற்று எடை, கடைசியாக ஓவர்ஹால் ஆன தேதி, திரும்ப வர வேண்டிய தேதி எல்லாம் ஸ்டென்சிலில் அடித்திருக்கும். நம் படத்து 200 கோடி ரூபாய் விண்கலத்தின் மேல் ஒரு தேதிகூட இல்லை!

டியூட்டி கணக்கும் அப்படித்தான். கப்பலில் 4 மணி நேரத்துக்கு ஒரு வாட்ச், அதாவது ஒரு ஷிஃப்ட். நாளுக்கு 6 வாட்ச், ஆட்கள் 3 அணி என்றால் நள்ளிரவு வாட்ச் ஒரே அணியின் தலையில் தினமும் விழும். அதைத் தவிர்க்கவே மாலை 4 முதல் 8 வரை உள்ளதை இரண்டாக உடைத்து 7 ஆக்கினார்கள். மணலி ஆலைகளில் ஷிஃப்ட் பார்ப்பவர்களுக்கு இது சொன்னவுடன் புரியும். நம் படங்களில் எல்லோரும் ஒன்றாகத் தூங்கி ஒன்றாக எழுந்திருக்கிறார்கள். கலத்தை யார் ஓட்டுவது?

வயர்லெஸ்ஸில் ‘ஓவர் அண்ட் அவுட்’ என்று ஒன்று கிடையாது. ஓவர் என்றால் பதிலுக்குக் காத்திருக்கிறேன், அவுட் என்றால் பேச்சு முடிந்தது. செவ்வாய்க்கு சிக்னல் போய்ச் சேரவே 3 முதல் 22 நிமிடம் ஆகும் என்பதால், அங்கே ‘ஓவர்’ சொன்ன பிறகு உள்ள மௌனத்திலேயே ஒரு காட்சி இருக்கிறது. சல்யூட்டில் நம் தரைப்படைக்கு உள்ளங்கை எதிரே தெரியும், கப்பற்படைக்குத் தரையைப் பார்க்கும், விமானப்படைக்கு 45 டிகிரி. ஒரே படத்தில் மூன்றும் வருகிறது.

எங்கள் கோரிக்கை ஒன்று. ஓய்வுபெற்ற ஹவில்தார்களையும் கப்பல் மெக்கானிக்குகளையும் ஷூட்டிங் அன்று காலை கூப்பிட்டு சல்யூட் சொல்லித் தரச் சொல்கிறார்கள். அதற்குள் செட் பெயின்ட்கூடக் காய்ந்திருக்கும். வரைபடம் தாளில் இருக்கும்போதே இரண்டு நாள் கூப்பிட்டு உட்கார வையுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற படைவீரர்கள் மூவர், கலை இயக்கப் பிரிவில் வேலை செய்பவர்கள் இருவர்,
தண்டையார்பேட்டை, சென்னை – 81