பாரதி வேடத்துக்கு ஒரு முண்டாசு

அன்புள்ள தங்கைக்கு,

பாப்பா மாறுவேடப் போட்டியில் பாரதியாராக வரப்போகிறாள் என்று கேட்டதிலிருந்து எனக்குக் கை பரபரக்கிறது. முண்டாசை வாடகைக்கு எடுக்கலாமா என்று கேட்டிருந்தாய். வேண்டாம், தைத்துவிடு. டிசம்பர் 11, பாரதி பிறந்தநாள், நெருங்க நெருங்க இதே கேள்வியோடு அலையும் அம்மாக்கள் நிறைய. அதனால்தான் பொதுவிலேயே எழுதுகிறேன்.

வாடகை முண்டாசு பெரும்பாலும் அட்டைமேல் துணியைப் பசை போட்டு ஒட்டியது. விளிம்பு நெற்றியில் குத்தும், வியர்த்தால் அரிக்கும். மேடையில் பிள்ளைகளைக் கவனித்துப் பார். பாதி வரியில் இரண்டு கையும் தலைக்குப் போய்விடும், அப்புறம் அந்த வரி திரும்பி வராது. அவள் குரலை உயர்த்திப் பேச வேண்டுமென்றால் தலையில் ஒன்று இருப்பதே அவளுக்கு மறந்துபோக வேண்டும்.

தலையிலேயே கட்டிவிடலாம் என்று உன் மாமியார் சொல்வார்கள். பெரியவர்களுக்கு அது நிற்கும். ஐந்து வயதுப் பிள்ளையின் வழுக்கும் முடியில் நழுவும், இறுக்கினால் வலிக்கும். குழந்தை தலைக்குப் பக்கத்தில் ஊக்கு மட்டும் கூடவே கூடாது.

ஆகவே தொப்பி மாதிரி தைப்போம். புருவத்துக்கு மேலே, காதுக்கு மேலே டேப்பைச் சுற்றி அளவு எடு. இந்த வயதில் 50, 51 செ.மீ. இருக்கும். உள்ளே பழைய டி-சர்ட் துணி. தலை அளவே நீளம், 20 செ.மீ. உயரம். தையலுக்கென்று கூட்ட வேண்டாம், துணி இழுபடும். இழுபடும் பக்கம் தலையைச் சுற்றி வரட்டும். ஓரம் இரண்டையும் சேர்த்துத் தைத்து, மேல் விளிம்பில் நூல் ஓட்டிச் சுருக்கி முடிச்சுப் போட்டால் குல்லா தயார்.

வெளியே நாலு முழ வேட்டி. புதிது வாங்காதே, உன் வீட்டுக்காரர் கட்டிக் கட்டி நைந்ததுதான் நன்றாக விழும். கஞ்சி போகத் துவைத்து, கரையை வெட்டிவிட்டு, ஒரு சாண் அகலத்தில் மூன்று பட்டைகள் கிழித்துக்கொள். விளிம்பை உள்ளே மடித்து லேசாக முறுக்கு. தலையளவு உள்ள தூக்குவாளி ஒன்றைக் கவிழ்த்துக் குல்லாவை மாட்டி அதன்மேல் சுற்று. முதல் பட்டை இடது காதுக்கு மேலிருந்து ஏறி நெற்றியைத் தாண்டி வலப்பக்கம் போகட்டும், அடுத்தது எதிர்ப்பக்கமாக. மூன்றாவது உச்சியை மூடும். நடுநெற்றியில் முதல் இரண்டு பட்டையும் ஒன்றன்மேல் ஒன்று ஏறுகிற இடத்தில் அவசரப்படாதே. அங்கே மடிப்பு தளர்வாக விழுந்தால்தான் பாரதி வருவார், இறுக்கினால் வெறும் கட்டு. மடிப்பு சரியாக விழுந்ததும் அங்கங்கே கைத்தையல் போடு, தையல் மடிப்புக்குள் மறைய வேண்டும். பின்பக்கம் நாலு விரல் இடம் பட்டை இல்லாமல் விட்டு, அங்கே ஓர் அங்குல அகல எலாஸ்டிக் வைத்துத் தை. வேட்டித் துணி இழுபடாது, அந்த நாலு விரல் இடம்தான் தலைக்கு விட்டுக்கொடுக்கும்.

தொங்கும் வாலைத் தோளோடு நிறுத்து, இடுப்புவரை விடாதே. அதைத் தைக்கவும் வேண்டாம், வெல்க்ரோவில் ஒட்டு. வரிசையில் நிற்கும்போது பின்னால் இருக்கும் பிள்ளை பிடித்து இழுத்தால் வால் கையோடு வந்துவிட வேண்டும், கழுத்தைச் சுற்றக்கூடாது.

கோட்டுக்கு அப்பாவின் கறுப்புக் கோட்டு, மீசைக்குக் கண்மை. பெண்பிள்ளைக்கு மீசையா என்று யாராவது முகம் சுளித்தால், 1905-இல் பெண்களுக்கென்றே வந்த மாத இதழுக்கு ஆசிரியராக இருந்தவர் பாரதி என்று சொல். அந்த முண்டாசைப் போட்டுக்கொள்ள நம் பாப்பாவைவிட உரிமையுள்ளவர் யார்?

போட்டி முடிந்ததும் பீரோ மேல் ஏற்றிவிடாதே. அவளே மாட்டி அவளே கழற்றத்தான் இப்படித் தைக்கச் சொன்னேன். பொம்மைக் கூடையிலேயே கிடக்கட்டும், அழுக்கானால் துவைக்கலாம்.

தலை அளவை இன்றே எடுத்து அனுப்பு. மடிப்பு விழவில்லை என்றால் வீடியோவில் கூப்பிடு, ராத்திரி எத்தனை மணியானாலும் சரி.

அன்புடன்,
அக்கா